சுரண்டிய எழுத்து

நெல்லைநாயகத்துக்கு வயிற்றெரிச்சல் என்றைக்குத் தொடங்கியது என்று கேட்டால் அவரே பிசகாமல் சொல்லிவிடுவார். தை மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால். ராயகிரியிலிருந்து ஒருவன் கடைக்குப் போன் போட்டான். இவர் எடுத்துக் கடைப் பெயரைச் சொன்னார். "அக்கா இல்லையா?" என்றான் அவன். திருவேங்கடம் சாலையில் இருபத்திரண்டு வருஷமாக எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேர் பார்க்கிற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது? என்ன விஷயம் என்று இவர் கேட்டதற்கு, அக்கா வந்ததும் பேசிக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

அந்த அக்கா வேறு யாருமில்லை, அவருடைய மனைவி மீனலோசினிதான். அன்றைக்கு அவள் உளுந்தம்பருப்புச் சோறு பொங்கி, எள்ளுத் துவையல் அரைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். நெல்லைநாயகம் சோற்றைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றார். அது பொய்யும் இல்லை.

அவர் தொழில் படித்த காலத்தில் போர்டில் ஒவ்வொரு பார்ட்டும் மொச்சைக்கொட்டை அளவுக்கு இருக்கும். பெயரும் நம்பரும் மேலேயே கிடக்கும். இப்போது வருகிறதெல்லாம் எள்ளுக்கும் கடுகுக்கும் நடுவில் ஓர் அளவு. முழுப் பெயரை எழுத இடம் கிடையாது என்று கம்பெனிக்காரன் இரண்டு மூன்று எழுத்தோடு நிறுத்திக்கொள்வான். அதே எழுத்து ஒரு கம்பெனிக்கு டயோடு, இன்னொரு கம்பெனிக்கு டிரான்சிஸ்டர். அது என்ன பார்ட்டு என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தமாதிரி. தெரியாதவன் போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்லுவான். தெரிந்தவனைத் தேடி மூன்று தாலுகாவிலிருந்து ஆள் வரும். அப்படித் தேடி வரப்பட்டவர் நெல்லைநாயகம்.

நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு வெள்ளெழுத்து வந்தது. உலகத்தில் யாருக்கும் வராததா? ஒரு கண்ணாடி வாங்கி மாட்டினால் தீர்ந்தது. ஆனால் கண்ணை வைத்துப் பிழைக்கிறவன் கண்ணாடியோடு உட்கார்ந்தால் எதிர்க்கடைக்காரன் என்ன பேசுவான் என்று அவருக்குப் பயம். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. சோறு கொண்டுவரும் மீனலோசினியைக் கூப்பிட்டு, கையில் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலைப் பிடித்துக்கொண்டு, வேலை மும்முரத்தில் இருப்பவர்போல, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லுவார். எடுபிடி வேலைதானே என்று அவளும் வாசித்தாள்.

அவள் வாசித்துவிட்டுச் சும்மா போகிற ஆளா? தாலுகா ஆபீஸ் கிளார்க்கின் மகள். குரூப் ஃபோர் பரீட்சையை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் ஓரிரு மார்க்கில் கோட்டை விட்டவள். பரீட்சைக்குப் படித்த நோட்டுகளில் மிச்சமிருந்த பக்கங்களில், வாசித்த எழுத்தையெல்லாம் குறித்துவைத்தாள். எந்தப் போர்டு, எத்தனை கால், பக்கத்தில் என்ன இருந்தது, கடைசியில் அது என்னவாக முடிந்தது என்பது வரைக்கும். ஒரு வருஷத்தில் எழுத்தைச் சொன்னால் பார்ட்டைச் சொன்னாள். அடுத்த வருஷம் எழுத்தே இல்லாவிட்டாலும், அது உட்கார்ந்திருக்கிற இடத்தையும் அதற்கு வருகிற போகிற தடங்களையும் பார்த்துச் சொன்னாள். முதலில் நெல்லைநாயகத்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ராயகிரிக்காரன் போன் போடும் வரைக்கும்.

அதற்குப் பிறகு தொட்டதெல்லாம் எரிந்தது. கடையநல்லூரில் ஏசி சர்வீஸ் பார்க்கும் ரிபாயி போர்டைக் கொண்டுவந்தால் வணக்கம் இவருக்கு, போர்டு அவளுக்கு. ரிபாயியின் அண்ணன் வளைகுடாவிலிருந்து வந்தபோது ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வந்தது. அதுவும் அக்காவுக்குத்தான். நெல்லைநாயகம் இரண்டு பழம் தின்று பார்த்தார். ருசியே இல்லை என்று சொல்லிவிட்டு மூன்றாவதையும் தின்றார். மேசையில் ஒரு ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்த அவள் நோட்டும் மீட்டரும் மெல்ல மெல்ல நடுமேசைக்கு வந்தன. தன் கடையில் தான் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒதுங்கிவிட்டதாக அவர் கணக்குப் பண்ணிக்கொண்டார். அவள் என்னவோ முன்னைப்போலத்தான் ஒவ்வொன்றையும் அவரிடம் கேட்டுக் கேட்டுச் செய்தாள். தெரிந்துகொண்டே கேட்கிறாள் என்று அதற்கும் அவருக்கு எரிந்தது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. போர்டைச் சரிபண்ணி முடித்ததும், முக்கியமான பார்ட்டின் மேலுள்ள எழுத்தைப் பிளேடு நுனியால் சுரண்டிவிடுவார்கள். நாளைக்கு அந்தப் போர்டு வேறு கடைக்குப் போனால் அவன் படித்துத் தொழிலைப் பிடித்துவிடக் கூடாதே. நெல்லைநாயகம் இதில் கெட்டி. குறுக்கே மூன்று கீறல், நெடுக்கே மூன்று கீறல். அவர் சுரண்டினால் பிரம்மாவாலும் வாசிக்க முடியாது. மீனலோசினிக்கு இது பிடிக்காது. அவள் பார்க்கிற போர்டில் அவள் சுரண்டுவதில்லை.

ஆடி பிறந்தது. காற்று பேயாக அடித்தது. சங்கரன்கோவிலில் ஆடிக்காற்று தெருவிலுள்ள மண்ணையெல்லாம் வாரிக் கடைக்குள் கொட்டும். எள்ளளவு பார்ட்டுகள் பறந்துபோகும் என்பதால் கடையில் எந்தக் காலத்திலும் விசிறி போடுவதில்லை. ஆடியில் ஷட்டரையும் பாதி இறக்கிவிடுவார்கள். உள்ளே புழுக்கம் வேகவைக்கும். கோமதியம்மன் கோவில் ஆடித்தபசுக்கு மூன்று நாள் இருக்கையில், அந்தப் பாதி ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தார் பனவடலிசத்திரம் ஆறுமுகச்சாமி. தோளில் சாக்கு. சாக்குக்குள் சோலார் மோட்டாரின் கண்ட்ரோலர் பெட்டி.

ஆறுமுகச்சாமிக்கு இரண்டு ஏக்கரில் பிச்சிப்பூச் செடி. கரண்டுக் கம்பம் வராத காடு. பேனல் வைத்து அதில் ஓடுகிற மோட்டார்தான் அந்தச் செடிக்கு உயிர். வைத்துக்கொடுத்த கம்பெனிக்காரன் இப்போது போனை எடுப்பதில்லை. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அவர் பேசினார். நெல்லைநாயகத்தைப் பார்த்து அல்ல.

"தாயி, தபசுக்குப் பூவு போடணும். செடி பூராவும் மொட்டா நிக்கி. நாளைக்குள்ள தண்ணி விடலைன்னா இந்தக் காத்து அம்புட்டையும் உதுத்துரும்."

மீனலோசினி பெட்டியைத் திறந்தாள். போர்டின் நடுவில் மூன்று கால் வைத்த சின்னப் பார்ட்டு ஒன்று தலை தெறித்துக் கிடந்தது. எழுத்திருந்த இடமே இல்லை. அவள் போர்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஏங்க, இங்கன பாருங்க. மோட்டாருக்கு மூணு பேஸ் போகுதுல்லா, மூணுக்கும் ஒரே அமைப்புதான். நடு வரிசையில வெடிச்சது எதுவோ, அதுதான் ரெண்டு பக்கத்து வரிசையிலயும் இருக்கு. அதை வாசிச்சா முடிஞ்சு."

இந்த வழி நெல்லைநாயகத்துக்கும் தெரியும். அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே தெரியும். ஆனால் சொன்னது அவள். ஆறுமுகச்சாமியின் முகம் மலர்ந்தது அவளைப் பார்த்து. இவர் "ம்" என்றார்.

ஈரம் ஏறாமலிருக்கப் போர்டு முழுக்கக் கம்பெனிக்காரன் லாக்கர் என்கிற வார்னிஷைப் பூசியிருந்தான். அது கலங்கி, எழுத்தை மறைத்திருந்தது. மீனலோசினி பஞ்சைத் தின்னரில் நனைத்துப் பக்கத்து இரண்டு பார்ட்டுகள் மேலும் ஒட்டிவைத்தாள். ஒரு மணி நேரம் ஊறினால் துடைத்துவிட்டு வாசிக்கலாம். சாயங்காலம் பெட்டி கிடைத்துவிடும் என்று ஆறுமுகச்சாமிக்கு வாக்குக் கொடுத்தாள். அவர் பூச்சந்தைப் பக்கம் போனார். அவள் சோறு எடுத்துவர வீட்டுக்குப் போனாள். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்க அவள் கண்ணில் மாட்டுகிற லென்சு கைப்பைக்குள் போனது.

கடையில் நெல்லைநாயகமும் போர்டும் மட்டும். தின்னர் வாசனை தலையில் ஏறியது. என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்துதான் செய்தார். தெரியாமல் செய்தார் என்று சொன்னால் அது அவருக்குச் சலுகை. பஞ்சை எடுத்துத் துடைக்கவேண்டும். எழுத்தை வாசித்துக்கொள்ளவேண்டும். பிறகு சுரண்டிவிடவேண்டும். அவள் வந்து பார்த்துத் திகைத்து நிற்பாள். ஆறுமுகச்சாமி கையைப் பிசைவார். அப்போது இவர் எழுந்துவந்து, ஒரு பார்வை பார்த்து, இன்ன பார்ட்டு என்று டப்பாவிலிருந்து எடுத்துப் போடுவார். இவ்வளவுதான் திட்டம். இதற்கு மேல் யாருக்கும் ஒரு கெடுதலும் அவர் நினைக்கவில்லை.

பஞ்சை எடுத்துத் துடைத்தார். எழுத்து வெள்ளையாக மேலே வந்தது. கிட்டக் கொண்டுவந்து பார்த்தார், கலங்கியது. எட்டப் பிடித்துப் பார்த்தார், சின்னதாகிவிட்டது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். போனில் படம் எடுத்தார். அந்தப் போன் கேமராவின் கண்ணாடி கீறிப் பல மாதமாகிறது, மார்கழிப் பனி மாதிரி ஒரு படம் வந்தது. மூன்று எழுத்து இருக்கிறது என்று தெரிந்தது. முதலாவது ஏழா ஒன்றா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

கை தானாகப் பிளேடை எடுத்தது. இரண்டு பார்ட்டிலும் குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று. பஞ்சைத் திரும்ப ஒட்டிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான், தான் வாசிக்காமலே சுரண்டிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

ஸ்கூட்டர் நிற்காமல் போனது. அது வேறு யாரோ.

மீனலோசினி அரைமணி கழித்து வந்தாள். சோறு பரிமாறினாள். அவர் தின்ற தட்டை எடுத்துவைத்துவிட்டு லென்சை மாட்டிக்கொண்டு போர்டின் மேல் குனிந்தாள். குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. நெல்லைநாயகம் பழைய ரேடியோ ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். கீறலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

நாலு மணிக்கு ஆறுமுகச்சாமி வந்தார். மீனலோசினி எழுந்து நின்று, கம்பெனிக்காரனே எழுத்தை அழித்துவிட்டிருக்கிறான் என்றும் இன்னும் ஒன்றிரண்டு நாளாகும் என்றும் சொன்னாள். அவர் முகம் தொங்கிப்போனது. டிராக்டர் வைத்தாவது நாலு பாத்திக்குத் தண்ணீர் கொண்டுபோக முடியுமா பார்க்கிறேன் என்று முனகிக்கொண்டே குனிந்து வெளியேறினார். அவள் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

ராத்திரி வீட்டுக்குப் போய் அவள் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டாள். இவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் தோசையைத் தட்டில் போட்டுவிட்டு அவள் கேட்டாள்.

"என்னத்துக்குச் சுரண்டுனியன்னு நான் கேக்கலை. சுரண்டுததுக்கு முன்னாடி அதுல என்ன எழுதியிருந்துன்னு மட்டும் சொல்லுங்க. அந்த மனுஷன் செடி வாடுது."

நெல்லைநாயகம் தோசையைப் பிட்டார், வாயில் வைக்கவில்லை. வாசிக்க முடியவில்லை என்று சொல்லவேண்டும். நாலு வருஷமாக எதையும் வாசிக்க முடியவில்லை, எடுபிடி வேலை என்று உன்னிடம் தந்ததெல்லாம் என்னால் முடியாத வேலை என்று சொல்லவேண்டும். பெண்டாட்டி முன்னால் கண் தெரியாதவனாக நிற்பதைவிடக் கெட்டவனாக நிற்பதே மேல் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது.

"சொல்ல மாட்டேன்" என்றார்.

அவள் அடுப்பை அணைத்தாள். மாவை மூடிவைத்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். சண்டை போட்டிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தித் தன் பக்கத்து நியாயம் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பார். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு மறு அறைக்குப் போனாள்.

அடுத்த இரண்டு நாளும் கடையில் பேச்சு இல்லை. மீனலோசினி பக்கத்து வரிசைப் பார்ட்டு ஒன்றைச் சூட்டுக் காற்றால் ஊதி எடுத்து மீட்டரில் வைத்தாள். டிரான்சிஸ்டராக இருந்தால் ஒரு காலிலிருந்து மற்ற இரண்டு காலுக்கும் மீட்டர் பேசும். இதில் ஒரு கால் யாரோடும் பேசவில்லை. அந்த ஊமைக் காலில் மின்சாரம் காட்டினால் மற்ற இரண்டுக்கும் நடுவே வழி திறந்தது. அப்படியென்றால் இது மாஸ்பெட் என்கிற ஜாதி. அந்த ஜாதியில் நூறு வகை. எத்தனை வோல்ட்டில் திறக்கிறது என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்து எழுதினாள். போர்டிலிருந்து அந்தக் காலுக்கு வருகிற தடத்தை லென்சால் தொடர்ந்துபோய், சர்க்யூட் முழுவதையும் நோட்டில் வரைந்தாள். வியர்வை மூக்கு நுனியில் வந்து நிற்கும். போர்டில் சொட்டாமல் முந்தானையால் ஒற்றிக்கொள்வாள். உத்தேசமாக ஒன்றைப் போட்டுப் பார்த்தால் என்ன என்று நெல்லைநாயகம் ஒரு தடவை பொதுவாகச் சொன்னார். தப்பாகப் போட்டால் மிச்சமிருப்பதும் சேர்ந்து வெடிக்கும் என்று அவளும் பொதுவாகச் சொன்னாள்.

தான் அழித்ததை அவள் ஒவ்வொரு எழுத்தாகத் திரும்ப எழுப்பிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வெட்கம் வந்தது. வெட்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பொறாமை வந்தது. எழுத்து இல்லாமல் இப்படி ஒரு பார்ட்டைக் கண்டுபிடிக்க அவருக்கு நல்ல கண் இருந்த காலத்திலும் முடிந்திருக்குமா? முடிந்திருக்காது. அது அவருக்கே தெரிந்திருந்ததுதான் வேதனை.

தபசன்று காலையில் அவள் பழைய போர்டு ஒன்றிலிருந்து மூன்று பார்ட்டை எடுத்து மூன்று வரிசையிலும் வைத்து ஒட்டினாள். ஆறுமுகச்சாமி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு ஓடினார். அப்போது நெல்லைநாயகம் டீக்கடையில் இருந்தார். இருந்தார் என்ன, வேண்டுமென்றுதான் போய் இருந்தார். மோட்டார் ஓடுவதாக மத்தியானம் போன் வந்தது. அக்காவின் போனுக்கு.

தபசு முடிந்த நாலாம் நாள் ஆறுமுகச்சாமி திரும்ப வந்தார். கூடவே அவர் ஊர்க்காரர் துரைப்பாண்டி. துரைப்பாண்டியின் கையிலும் அதே கம்பெனிப் பெட்டி. ஆறுமுகச்சாமி இந்தத் தடவை மீனலோசினியைத் தாண்டி நேராக நெல்லைநாயகத்திடம் வந்தார்.

"அண்ணாச்சி, இவரு பெட்டியும் அதேமாரி போயிட்டு. ரெண்டு நாளு பட்டினியாக் கெடந்து நீங்கதான் அந்தப் பார்ட்டைக் கண்டுபிடிச்சியளாம்லா, தாயி சொல்லிச்சு. ஒங்க கையாலயே இதையும் பாத்துக் குடுத்துருங்க."

நெல்லைநாயகம் மனைவியைப் பார்த்தார். அவள் ரிபாயியின் ஏசி போர்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று இவருக்கு விளங்கவில்லை. பரிதாபமா, பழியா, இல்லை சண்டையை இத்தோடு விடலாம் என்றா? கேட்கவும் முடியாது. இத்தனை மாதமாக எந்தப் பேருக்காக வெந்துகொண்டிருந்தாரோ அந்தப் பேர் இப்போது அவர் மடியில் வந்து விழுந்திருந்தது. கொடுத்ததும் அவள்தான்.

துரைப்பாண்டி பெட்டியைத் திறந்து போர்டை அவர் கையில் கொடுத்தார். நடு வரிசையில் அதே மூன்று கால் பார்ட்டு, அதேபோலத் தலை தெறித்து. அவள் என்ன பார்ட்டை வைத்தாள் என்று இவரிடம் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பக்கத்து வரிசையில் எழுத்து இருக்கும். லாக்கரைத் துடைத்தாலும் இவரால் வாசிக்க முடியாது. உத்தேசமாக ஒன்றை எடுத்து வைக்கலாம். இரண்டு பேரும் நின்றுகொண்டு அவர் கையைப் பார்த்தார்கள். வைத்தால் இந்த மனுஷனின் பெட்டியும் வெடிக்கும், செடியும் போகும். அவர் சூட்டுக்கோலை எடுத்தார். திரும்ப வைத்தார்.

"எனக்குத் தெரியாதுவே" என்றார்.

ஆறுமுகச்சாமி சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்லுகிறார் என்று நினைத்துவிட்டார்.

"மெய்யாத்தான் சொல்லுதேன். கண்டுபிடிச்சது அவ. கம்பெனிக்காரன் ஒண்ணும் அழிக்கலை. ஒம்ம போர்டுல எழுத்தைச் சுரண்டிவிட்டது நான். அவளைக் கேட்டுக்கேட்டு ஆள் வருது பாரும், எனக்குப் பொறுக்கலை."

ஆறுமுகச்சாமியின் சிரிப்பு நின்றது. அவர் கோபப்படவில்லை. சாக்கை மடித்து மடித்துச் சின்னதாக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மேக்குப் பாத்தி பூராவும் உதுந்துபோச்சு அண்ணாச்சி. இத்தனை வருசத்துல என் காட்டுப் பூவு இல்லாம தபசு கழிஞ்சதில்லை. இந்த வருசம் கோமதியம்மாளுக்கு அடுத்தவன் பூவைச் சந்தையில வாங்கிப் போட்டேன்."

நெல்லைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் மீனலோசினி நிமிர்ந்தாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. என்ன எழுதியிருந்துன்னு மட்டும்தான கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டிய."

"தெரிஞ்சாத்தானட்டி சொல்லுததுக்கு."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"என்ன எழுதியிருந்துன்னு எனக்கே தெரியாது. வாசிக்க முடியலை. நாலு வருசமா எனக்குக் கண்ணு தெரியலை."

மீனலோசினி கையிலிருந்த பேனாவை மூடினாள், திறந்தாள்.

"அப்ப இத்தனை நாளும் நான் யாரு மேலங்க கோவப்பட்டேன்?" என்றாள். "தெரிஞ்சுக்கிட்டே சொல்ல மாட்டேங்காகளே, இப்படி ஒரு மனுஷன்கூடயா இருந்தோம்னு நான் அந்த ரெண்டு நாளும்..."

முடிக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அழாதவள் இப்போது அழுதாள். ஆள் முன்னால் அழுகிறோமே என்றுகூட நினைக்கவில்லை. துரைப்பாண்டிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நெல்லைநாயகத்தின் கையிலிருந்த போர்டை மெல்ல வாங்கி மேசையில் அவள் பக்கமாக வைத்தார்.

அவள் போர்டை இழுத்துக்கொண்டாள். ஊறுகிற வரைக்கும் பொறுக்காமல் தின்னரால் லாக்கரை அழுத்தித் துடைத்து, லென்சை மாட்டிக்கொண்டு குனிந்தாள். கண்ணீர் லென்சுக்குப் பின்னால் இன்னும் வழிந்துகொண்டுதான் இருந்தது. "எழுநூத்தி ரெண்டு" என்றாள். அழுதுகொண்டேகூட அவளுக்கு எழுத்து தெரிந்தது. நெல்லைநாயகத்துக்கு அதைப் பார்க்கவும் பொறாமையாகத்தான் இருந்தது.